டாக்டர் நஸ்மியின் ஒற்றை வசனம்

ஆறு வருஷத்தில் நஸ்மி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்திருந்தார். அதில் பாதிப் பேரை ஒரே வீட்டின் குளியலறைக்குள் வைத்து.

காலையில் அவர் கெய்ரோவில் நீர்ப்பாசன இலாகாவின் ஆவண அறையில் குமாஸ்தா. மத்தியானம் இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எமாத் அத்தீன் தெருவுக்கு நடையைக் கட்டுவார். துணை நடிகர்கள் காத்துக்கிடக்கும் காப்பிக் கடை ஒன்று அங்கே இருந்தது. படங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ரய்யிஸ் ஃபூலி வாசலில் நின்றுகொண்டு, "கல்யாணக் கூட்டம் பத்துப் பேர், கோட்டு சொந்தமா இருக்கணும்! போலீஸ்காரன் நாலு பேர், மீசை இல்லாதவன் எந்திரிக்கவே வேணாம்!" என்று கூவுவார். உடுப்போடு வருகிறவனுக்குத்தான் முதல் மரியாதை. இலாகாவில் தூசிக்காகக் கொடுத்த வெள்ளை அங்கி ஒன்று நஸ்மியிடம் இருந்தது. அதைத் துவைத்துக் கஞ்சி போட்டு, அத்தபா சந்தையில் குழாய் வெடித்த ஸ்டெதஸ்கோப் ஒன்றைத் தேடிப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கடவுள் ஏற்கெனவே கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவர் டாக்டர்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. வளைகுடா நாடுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்டது. கெய்ரோவிலிருந்து எந்தக் குப்பை போனாலும் கேசட் போட்டு விற்றுவிடலாம் என்ற நிலைமை. நேற்றுவரை சிமெண்டும் கோழித்தீவனமும் விற்றவர்கள் இன்றைக்குப் பட முதலாளிகள். ஒன்பது நாளில் ஒரு படம். ஹரம் சாலைப் பக்கம் வாடகைக்குப் பிடித்த ஒரு வீடுதான் கதாநாயகியின் வீடு, வில்லனின் மாளிகை, நீதிமன்றம் எல்லாம். சோபா உறையை மட்டும் மாற்றுவார்கள். மாடிப்படி ஏறும்போது நாயகனுக்கு மீசை இருக்கும், கதவைத் திறக்கும்போது இருக்காது. செத்துக்கிடப்பவன் மூக்கைச் சொறிவான். "நடுராத்திரியில எங்கடா கிளம்பிட்ட?" என்று தாய் கதறும்போது ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும். இதைவிட மோசமான படங்களை உலகத்தில் வேறு யாராவது எடுத்திருந்தால் வெட்கப்பட்டு வெளியில் சொல்லாமல் இருந்திருப்பார்கள். இவர்கள் கேசட் அட்டையில் போட்டோவோடு பெயர் போட்டுக்கொண்டார்கள்.

குளியலறைக்கு முன்னால் இருந்த நடைதான் ஆஸ்பத்திரி. உதட்டில் விரல் வைத்து நிற்கும் நர்ஸ் படம் ஒன்றைச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது. நஸ்மி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தண்ணீர்த் தொட்டி சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். கூப்பிட்டதும் அறுவை சிகிச்சையை முடித்தவராக வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, தரையைப் பார்த்து, மனசுக்குள் இரண்டு எண்ணி, சொல்வார்.

"மீதி ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்."

செத்தவர் வாழாமல் விட்ட வருஷங்கள் இருப்பவர்களுக்கு வந்து சேரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் கெய்ரோவாசி எல்லாரும் சொல்வது இதைத்தான். கேட்டவர்கள், "உங்க ஆயுசு நிலைக்கட்டும்" என்று பதில் சொல்ல வேண்டும். படத்தில் பதிலுக்கு நேரமில்லை. கதாநாயகி உடனே கூச்சல் போட்டு விழுந்துவிடுவாள்.

முதல் படத்தில் நஸ்மி உருக்கமாக நடித்துப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. அநேகமாக இந்தப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்த உஸ்தாத் ஹிலால், சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "என்ன உஸ்தாத், செத்தது உங்க மாமனாரா? நீங்க அழுதா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? ஒண்ணும் நினைக்காதீங்க. மூஞ்சி காலியா இருக்கட்டும்."

மூஞ்சியை எப்படிக் காலி செய்வது என்று நஸ்மி யோசித்தார். ஆவண அறையின் அலமாரி ஞாபகம் வந்தது. மூன்றாம் வரிசை, மேல் தட்டு, ஃபய்யூம் வாய்க்கால்கள். அதற்குக் கீழே மதகுகள். அதற்கும் கீழே மதகு பற்றிய புகார்கள். அலமாரியை மனசுக்குள் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வசனத்தைச் சொன்னார். "இதுதான், இதேதான்!" என்று உஸ்தாத் ஹிலால் கையைத் தட்டினார். அதற்கப்புறம் எத்தனையோ தாயும் தகப்பனும் மாப்பிள்ளையும் செத்தார்கள். நஸ்மிக்கு ஒவ்வொரு தடவையும் ஃபய்யூம் வாய்க்கால்தான்.

ஒரே ஒருமுறை சறுக்கினார். "நாலு மாமியார்" என்ற படம். அதில் கதாநாயகியின் தகப்பன் பிழைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். நஸ்மி பழக்க தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு எண்ணி, மீதி ஆயுசைச் சேர்த்துவிட்டார். பெண்ணும் பழக்க தோஷத்தில் விழுந்துவிட்டாள். பிலிம் சுருள் அத்தோடு தீர்ந்தது, இன்னொரு சுருளுக்கு முதலாளி மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த காட்சியில் தகப்பன் கல்யாணப் பந்தலில் நின்றாக வேண்டும். உஸ்தாத் ஹிலால் ஒரு சிகரெட் நேரம் யோசித்தார். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வசனம் சொல்ல வைத்தார்: "விடுங்க மாமா, அந்த டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது!" படம் அப்படியே கடல் தாண்டிப் போனது. அவர் எடுத்ததிலேயே அதிகமாக விற்றதும் அதுதான்.

ஷுப்ராவில், நஸ்மி குடியிருந்த கட்டடத்தில், அதற்குப் பிறகு நோயாளி யாரையும் பார்க்க அவரை விடவில்லை. மூன்றாம் மாடிக்காரருக்கு மாரடைப்பு என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு போனார். வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்கு சிரமம் உஸ்தாத்? எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் அவரே வந்து உங்களைப் பார்ப்பார்" என்றாள். நஸ்மி கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வருகிற இடத்திலும் அலமாரி வந்து நிற்கத் தொடங்கியிருந்தது. அதை அவரே கவனிக்கவில்லை.

கவனித்தவள் அவர் மனைவி இன்ஸாஃப். குட்டையான, கூரான வாய்க்காரி. அங்கிக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. "உன்கிட்ட வந்தவன்ல ஒருத்தனாவது பொழைச்சு வீட்டுக்குப் போயிருக்கானா, நஸ்மி?" என்று கேட்டுக்கொண்டே போடுவாள். பக்கத்து வீட்டில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அவரை உட்கார வைத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். "படத்துல வச்சிருந்த அதே மூஞ்சியை வீட்டுக்கும் கொண்டாந்துட்ட. கழட்டி வை" என்பாள். அவளுக்கு அது வெறும் கேலியாக இல்லை.

மகள் நஜ்லாவுக்கு மட்டும் எல்லாமே கொண்டாட்டம். கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினோரு மணிக்கு நஸ்மியும் இன்ஸாஃபும் தொலைபேசி நிலையத்துக்குப் போய், ஷார்ஜாவுக்குப் பதிந்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் ஐந்தாம் எண் கண்ணாடி அறைக்குள் இரண்டு பேருமாக நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நஜ்லா எடுத்ததும், "இந்த வாரம் யாரைக் கொன்னீங்க, அப்பா?" என்பாள். நஸ்மி தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு எண்ணி, "மீதி ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், அம்மணி. உங்க அம்மாவோட வாணலி இன்னைக்குக் காலமாயிடுச்சு" என்பார். ஒரு வாரம் வாணலி, ஒரு வாரம் செருப்பு, ஒரு வாரம் மாடிவீட்டுக்காரரின் கார். நஜ்லா கதாநாயகி குரலில், "உங்க ஆயுசு நிலைக்கட்டும், டாக்டர்!" என்று அலறுவாள். அதற்குள் இன்ஸாஃப் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டுவிடுவாள்.

இன்ஸாஃபுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று தெரிந்த குளிர்காலத்தில், ஒருநாள் சமையலறையில் அவள் முலுக்கிய்யா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. நஸ்மி எதிரே உட்கார்ந்து காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணு, நஸ்மி."

"என்ன?"

"நான் போனப்புறம் அந்த வசனத்தைச் சொல்லாதே. என் தங்கச்சி சொல்லட்டும், ஊரே சொல்லட்டும். நீ சொல்லாதே. அதுவும் நஜ்லாகிட்ட சொல்லவே சொல்லாதே."

"எல்லாரும் சொல்றதுதானே அது? வேற என்ன சொல்றதாம்?"

"எல்லாரும் ஆள் செத்தா சொல்றாங்க. நீ சொன்னா செத்தவன் எந்திரிச்சுப் போய் ரொட்டி திங்கிறான். உன் வாயில அது கெட்டுப்போச்சு. உனக்குன்னு ஒரு வார்த்தை இருக்காதா? தேடிப் பாரு."

"சரி."

"அந்த மூஞ்சியோட சொல்லாதே. சத்தியமா சொல்லு."

"சத்தியமா" என்றார் நஸ்மி. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

தேடத்தான் செய்தார். இலாகாவில் வேலையில்லாத நேரத்தில் பழைய கோப்புச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். "அம்மா இறைவனோட கருணைக்குப் போயிட்டா." அது படத்தில் பள்ளிவாசல் ஷேக்காக வருகிற தாடிக்காரர் சொல்வது. "மனசைத் திடப்படுத்திக்கோ, மகளே." அது பக்கத்து வீட்டுக்காரராக வருகிறவர் சொல்வது. "அம்மா இனிமே வலியில்லாம இருப்பா." அது நர்ஸ். எதை எழுதினாலும் உஸ்தாத் ஹிலாலின் ஏதாவதொரு படத்தில் எவனோ ஒருவன் கோணலாக நின்றுகொண்டு அதைச் சொல்லியிருந்தான். தலைக்கு மேல் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஃபய்யூம் வாய்க்கால் கோப்புகளை அடுக்கப் போனார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸாஃபை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இப்பவும் நஜ்லாவுக்கு எதுவும் சொல்லிடாதே. பறந்தடிச்சு வருவா. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன், நானே பேசிக்கிறேன்" என்று தடுத்துவிட்டாள். நஸ்மியும் அவள் தங்கை வஹீபாவும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். வார்டுக்கு வெளியே நடையில் பெஞ்சு. சுவரில் உதட்டில் விரல் வைத்த நர்ஸ். அதே படம்தான், இங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் நைல் டெல்டா பக்கத்துக் குடும்பம் ஒன்று மகனுக்காகக் காத்திருந்தது. தாய்க்காரி நஸ்மியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயோ, நம்ம நாலு மாமியார் டாக்டர்!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு நடையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். புருஷனும் பின்னாலேயே போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தது. இளம் டாக்டர் ஒருவர் வந்தார். அங்கியில் கஞ்சி இல்லை, பை கிழிந்திருந்தது. நஸ்மி எழுந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"உஸ்தாத் நஸ்மி…" என்றார். "நான் என்ன சொல்ல? உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் நஸ்மி. "உங்க ஆயுசு நிலைக்கட்டும்."

சொல்லாத வசனத்துக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றிருந்தால் இந்தப் பையன் முகத்தில் வெளிச்சம் விழுந்திருக்கும் என்றும் தோன்றியது. மூன்றாம் வரிசை, மேல் தட்டு. வஹீபா படிக்கட்டில் வந்துகொண்டிருந்தவள் இவரைப் பார்த்ததும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நஸ்மி அவள் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். காகிதங்களில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார். உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். இன்ஸாஃபின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ குத்தலாகச் சொல்ல வருகிறாற்போல. அவர் அழவில்லை. அழ வேண்டும் என்பது தெரிந்தது, எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. பத்தரை மணிக்கு நஸ்மி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நஜ்லா காத்திட்டிருப்பா."

வஹீபா கண்ணைத் துடைத்தாள். "நான் போறேன் மச்சான். நீங்க உட்காருங்க. நான் சொல்லிடறேன்."

"வேணாம். நான்தான் சொல்லணும். என் வார்த்தையில சொல்றேன்னு உன் அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

தொலைபேசி நிலையத்தில் வழக்கமான வெள்ளிக்கிழமைக் கூட்டம். கவுண்டர்க்காரி அவரைப் பார்த்ததும் எண்ணைக் கேட்காமலே ஷார்ஜாவைப் பதிந்துகொண்டாள். "தனியா வந்திருக்கீங்க, அம்மா எங்கே?" என்று கேட்டாள். வரிசையில் பின்னால் நின்றவன் அவசரப்படுத்தியதால் நஸ்மி பதில் சொல்லாமல் நகர முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வார்த்தையைத் தேடினார். நஜ்லா, உங்கம்மா. நஜ்லா, இன்னைக்குக் காலைல. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ஷேக்கின் குரலிலும் நர்ஸின் குரலிலும் வந்தது.

"ஷார்ஜா! அஞ்சாம் நம்பர்!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரிசீவரை எடுத்தார்.

"அப்பா! நாலு மாமியார் கிடைச்சிடுச்சு!" நஜ்லாவின் குரல் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கரகரவென்று வந்தது. "நேத்து கட்டடத்துப் பொம்பளைங்க எல்லாரும் எங்க வீட்டுலதான். அந்த டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு சொன்னான் பாருங்க, பக்கத்து வீட்டு சிரியாக்காரி சோபாவுல இருந்து கீழயே விழுந்துட்டா. அப்பா? கேக்குதா?"

"கேக்குது."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நஜ்லா. அம்மா…" என்றார். "அம்மா ரொம்பக் களைச்சுப் போயிட்டா."

"களைச்சுப் போகாம? நீங்க உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டு தண்ணி கேப்பீங்க. அஞ்சு மாடி ஏறி இறங்குறது யாரு?"

"அது இல்லம்மா. இன்னைக்குக் காலைல…"

"என்ன காலைல? சத்தமா சொல்லுங்க, இரையுது."

நஸ்மி வாயைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தரையைப் பார்த்தார். அங்கே யாரோ போட்ட சிகரெட் துண்டு கிடந்தது. ஒன்று, இரண்டு. நாக்கு தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

"மீதி ஆயுசு உனக்குச் சேரட்டும், மகளே."

நஜ்லா சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "அதானே பார்த்தேன்!" என்றாள். "ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டீங்க. இந்தத் தடவைதான் அப்பா நிஜமாவே நல்லா நடிச்சீங்க!" தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கதாநாயகியின் அழுகைக் குரலில் இழுத்தாள்: "உங்க ஆயுசு நிலைக்கட்டும், டாக்டர்! என்ன போச்சு இந்த வாரம், பாத்திரமா, செருப்பா?"

சத்தியத்தை மீறிவிட்டோம் என்பது மட்டும் நஸ்மிக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய்க்கால்களைத் தேடினார். அலமாரி இருந்தது, தட்டுகள் காலியாக இருந்தன.

"சரி, சரி, போதும். ட்ரங்க் கால்ல விளையாட்டு. போனை அம்மாகிட்ட குடுங்க."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து இடது பக்கமாக நீட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வீங்கிய விரல்கள் வந்து பிடுங்கும். உள்ளே வந்ததிலிருந்து தான் வலது சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாதி அறையைக் காலியாக விட்டு நின்றிருப்பதை நஸ்மி அப்போதுதான் கண்டார்.

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எந்தப் படத்திலும் யாரும் போட்டிராத சத்தம். உஸ்தாத் ஹிலால் கேட்டிருந்தால் வெட்டிப் போடு என்று சொல்லியிருப்பார், அவ்வளவு அசிங்கமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டர்க்காரி எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ரிசீவரை இடது பக்கம் நீட்டியபடியே, நஸ்மி நிறுத்த முடியாமல் அழுதார்.

ரிசீவருக்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அப்பா," என்றாள் நஜ்லா, ரொம்ப தூரத்திலிருந்து. "அப்பா, அம்மா எங்கே?"